பொருட்காட்சியில் ஒரு நாள்: பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள், பெற்றோர் எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும்?

ஆறு வயது மகனையும் பத்து வயது மகளையும் ஊரில் நடக்கும் பொருட்காட்சிக்கு ஒரு நாள் அழைத்துச் செல்லப் போகிறீர்கள். ராட்டினங்களும் விளையாட்டுக் கடைகளும் கைவினைஞர்களும் கால்நடைக் காட்சியும் ஒரே திடலில் இருக்கின்றன. அந்த நாள் வெறும் வேடிக்கையாகக் கழிந்துவிடாமல் பிள்ளைகள் எதையாவது கற்றுக்கொண்டு திரும்ப என்ன செய்யலாம், வந்ததும் கட்டுரை எழுதச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அங்கே கற்பதற்கு என்ன இருக்கிறது என்பது ஒன்று. அந்தக் கற்றலில் பெற்றோர் எவ்வளவு தலையிடலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் எளிது, நிறையவே இருக்கிறது. இரண்டாவதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் மகிழ்ச்சியும் கெடக் கூடாது, நாளும் வீணாகக் கூடாது என்ற தவிப்பு உங்கள் சொற்களில் தெரிகிறது. தொடக்கப் பள்ளியில் 26 ஆண்டுகள் கற்பித்து, பலமுறை பிள்ளைகளை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் சென்ற அனுபவத்திலிருந்தும், குழந்தைகளின் கற்றலைப் பற்றி நடந்த ஆய்வுகளில் நான் படித்தவற்றிலிருந்தும் இதை எழுதுகிறேன்.

எனக்கு மிக உறுதியாகத் தோன்றுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். தான் எடுத்த முடிவின் பலன் தன்னையே வந்து சேரும் இடத்தில்தான் குழந்தை ஆழமாகக் கற்கிறது. வகுப்பில் கணக்குத் தவறினால் நோட்டில் சிவப்பு மை விழும், அவ்வளவுதான். பொருட்காட்சியில் கணக்குத் தவறினால் காலையிலிருந்து ஆசைப்பட்ட ராட்டினத்தில் மாலையில் ஏற முடியாமல் போகும். ஆகவே மகளிடம் ஒரு குறிப்பிட்ட தொகையை அவளுடைய சொந்தப் பையிலேயே கொடுத்துவிடுங்கள். இன்றைக்கு இவ்வளவுதான், தீர்ந்தால் மறுபடி கிடைக்காது என்று புறப்படும் முன் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசாதீர்கள். அந்தத் தொகை முழுவதும் வீணானாலும் உங்களுக்கு மனம் வலிக்காத அளவில் இருக்க வேண்டும் என்பது முக்கியம், இல்லையென்றால் உங்கள் முகமே அவளுக்குப் பதிலாக முடிவெடுக்கத் தொடங்கிவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பணத்தின் மதிப்பு இன்னும் பிடிபட்டிருக்காது. அவனுக்கு நான்கு காகிதச் சீட்டுகளைக் கொடுத்து, ஒரு சீட்டுக்கு ஒரு ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்தால் மூன்றுதான் மிஞ்சும் என்பதை அவன் விரல்களால் தொட்டே அறிந்துகொள்வான்.

ஒன்பது வயதுப் பையன் ஒருவனை என்னால் மறக்க முடியவில்லை. வளையம் எறியும் கடையில், நுழைந்த 20 நிமிடத்திற்குள் கையிலிருந்த அத்தனையையும் எறிந்து தீர்த்துவிட்டான். கண்கள் கலங்கியிருந்தன. என் பையிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுக்க எனக்குக் கை நீண்டது. அடக்கிக்கொண்டு, அவன் பக்கத்தில் மட்டும் நின்றேன். சிறிது நேரம் கழித்து அவன் அந்தக் கடைக்கே திரும்பிப் போய், கயிற்றுக்கு வெளியே நின்று மற்றவர்கள் எறிவதை விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, “நாப்பது தடவ எறிஞ்சாங்க டீச்சர், மூணுதான் விழுந்துச்சு” என்றான். நிகழ்தகவு என்ற சொல்லை அவன் அதுவரை கேட்டதில்லை, ஆனால் அதன் அடிப்படையை அன்று தானே கண்டுபிடித்துவிட்டான். நான் பணம் கொடுத்திருந்தால் அந்த எண்ணிக்கை நடந்திருக்காது.

விளையாட்டுக் கடைகளைப் பலரும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அவை பொருட்காட்சியின் மிகச் சிறந்த கணக்குப் பாடங்கள். வளையம் இலக்கைவிட எவ்வளவு பெரியது, எறிந்த வேகத்தில் அது ஏன் துள்ளி வெளியேறுகிறது, பரிசு ஏன் எப்போதும் கடைசி வரிசையில் இருக்கிறது என்று பார்க்கப் பழகிய பிள்ளை, பின்னாளில் எந்தப் பரிசுத் திட்டத்தையும் அதே கண்ணால் பார்க்கும். கட்டம் போட்ட பலகையில் நாணயத்தை எறிந்து, அது கோட்டைத் தொடாமல் விழுந்தால் பரிசு என்று ஒரு விளையாட்டு உண்டு. பிரெஞ்சு அறிவியலாளர் பஃபோன் இதே வகை விளையாட்டை 1733இல் கணித ஆய்வுக்கே எடுத்துக்கொண்டார். கட்டத்தின் பக்கம் நாணயத்தின் விட்டத்தைப் போல் இரு மடங்கு என்று வையுங்கள். நாணயம் கோட்டைத் தொடாமல் இருக்க அதன் மையம் ஒவ்வொரு கோட்டிலிருந்தும் குறைந்தது நாணயத்தின் ஆர அளவாவது விலகி விழ வேண்டும். அப்படிப் பார்த்தால் மையம் விழக்கூடிய இடம் நடுவிலுள்ள ஒரு சிறிய சதுரம்தான், அதன் பரப்பு முழுக் கட்டத்தில் கால் பங்கு. அதாவது எப்படியாவது விழட்டும் என்று எறிந்தால் நான்கில் ஒரு முறைதான் வெற்றி. பத்து வயதுக்கு இதைத் திடலில் நின்று விளக்க வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டு, நாணயத்தை நூறு முறை எறிந்து அவளே எண்ணட்டும்; எண்ணிய பிறகு சூத்திரம் கேட்டு அவளே வருவாள்.

கால்நடைக் காட்சி இருக்கிறது என்று சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். 1906இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் நடந்த கால்நடைக் கண்காட்சியில், ஒரு காளையை அறுத்துச் சுத்தம் செய்த பின் அதன் எடை எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி வைத்திருந்தார்கள். அறிஞர் பிரான்சிஸ் கால்டன் அந்தச் சீட்டுகளை வாங்கி, படிக்க முடிந்த 787 சீட்டுகளை வரிசைப்படுத்தியபோது, சரியாக நடுவில் நின்ற ஊகம் 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198 பவுண்டு. தனித்தனியே பலர் மிகவும் தவறியிருந்தும், கூட்டத்தின் நடு ஊகம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே பிசகியது. மறு ஆண்டு இதை அவர் அறிவியல் இதழில் வெளியிட்டார். உங்கள் குடும்பமும் இதைச் செய்து பார்க்கலாம். கண்ணாடிச் சாடியில் எத்தனை கோலிக் குண்டுகள் என்று ஊகிக்கும் கடை ஏதேனும் இருந்தால், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் ஆளுக்கொரு எண்ணை எழுதச் சொல்லுங்கள். பார்க்காமல் எழுதுவது இங்கே அவசியம்; ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழுந்துவிட்டால் எல்லா ஊகங்களும் அந்த எண்ணைச் சுற்றியே குவிந்துவிடும். நான்கைந்து பேரின் ஊகம் நூற்றுக்கணக்கானோரின் ஊகத்தைப் போல் நம்பகமாக இருக்காது என்பதையும் மகளிடம் சொல்லிவிடுவது நேர்மை.

ராட்டினங்களில் இயற்பியல் கண்ணெதிரே சுற்றுகிறது. சங்கிலியில் நாற்காலிகள் தொங்கும் ராட்டினத்தை ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் வெளியே நின்று பாருங்கள். வேகம் கூடக் கூட நாற்காலிகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து எழும். பருமனான பெரியவர் உட்கார்ந்த நாற்காலியும் சின்னப் பிள்ளை உட்கார்ந்த நாற்காலியும் யாருமே உட்காராத நாற்காலியும் எப்படிச் சாய்கின்றன என்று மகளிடம் முன்கூட்டியே கேளுங்கள். கனமானது தாழ்வாகவும் காலியானது உயரமாகவும் பறக்கும் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்கிறார்கள், பெரியவர்களும் அப்படியே சொல்கிறார்கள். பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே கோணத்தில் சாய்ந்திருக்கும். சாய்வைத் தீர்மானிப்பவை சுற்றும் வேகமும் மையத்திலிருந்து உள்ள தொலைவும் புவியீர்ப்பும்தான். எடை அந்தக் கணக்கில் இரு பக்கமும் வந்து நீங்கிவிடுகிறது. காற்றுத் தடையால் காலி நாற்காலி சற்றுப் பின்தங்கித் தெரியலாம், அதையும் அவள் கவனித்துவிட்டால் இன்னும் நல்லது. தான் உறுதியாக நம்பிய ஒன்று கண்முன்னே பொய்த்துப் போகும் அந்தக் கணம் அறிவியல் கல்வியில் மிக அரியது. அப்போது விளக்கத்தை அள்ளிக் கொட்டாமல், “ஏன் அப்படி இருக்கும்?” என்று ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திவிடுங்கள்.

ஆறு வயது மகனுக்குக் குதிரைகள் வட்டமாகச் சுற்றும் ராட்டினம் போதும். உள்வட்டக் குதிரையும் வெளிவட்டக் குதிரையும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன, ஆனால் வெளிக் குதிரை அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது. ஒரு முறை உள்ளேயும் ஒரு முறை வெளியேயும் உட்கார்ந்தால் முகத்தில் அடிக்கும் காற்றே அதைச் சொல்லிவிடும். பெரிய ராட்டினத்தைப் பார்க்கும்போது மகளுக்கு ஒரு செய்தி சொல்லலாம்: ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய முதல் மாபெரும் ராட்டினம் 264 அடி உயரம், அதில் 36 பெட்டிகள், ஒரு பெட்டியில் 60 பேர். ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறியிருக்க முடியும் என்ற பெருக்கலை வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் அவளே போட்டுக்கொள்வாள்.

கைவினைஞர்கள் இருக்கும் பக்கத்தில் அவசரப்படாதீர்கள். குயவரோ மரம் கடைபவரோ வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகள் எதிர்பாராத அளவு நேரம் அசையாமல் நிற்பார்கள். களிமண் மேலேறும்போது கட்டைவிரல் எவ்வளவு மெதுவாக நகர்கிறது, கை எப்போது தண்ணீரைத் தொடுகிறது, ஒரு பக்கம் மெலிந்துவிட்டால் அவர் தயங்காமல் எல்லாவற்றையும் அமுக்கி எப்படி மறுபடி தொடங்குகிறார் என்பதையெல்லாம் வாயால் சொல்லித் தர முடியாது. முன்பின் தெரியாத ஒருவரிடம் மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதும் அங்கேதான் பழக்கத்துக்கு வருகிறது. கேள்வியை மகளே கேட்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். கடை வியாபாரமாக இருக்கும்போது அவருடைய நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்.

இனி, எங்கே எச்சரிக்கையாகப் பேச வேண்டும் என்பதற்கு வருகிறேன். பொருட்காட்சியில் பணக்கணக்குப் போட்டால் பள்ளியில் கணக்கு மதிப்பெண் உயரும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1985இல் வெளியானது. விற்கும் இடத்தில் வாடிக்கையாளரைப் போல் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 அளவுக்குச் சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே வகைக் கணக்குகளைத் தாளில் எண்களாக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 அளவுக்குத்தான் சரியாகச் செய்தார்கள். ஐந்தே பேர் என்பதால் அதை அளவுக்கு மீறி நீட்டக் கூடாதுதான். ஆனால் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடந்து 2025இல் வெளியான மிகப் பெரிய ஆய்வும் அதே இடைவெளியைக் கண்டது. பள்ளிக்கு மட்டுமே செல்லும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறியதையும் அது காட்டியது. திடலில் கற்றது தானாக வகுப்பறைக்கு நடந்து வராது. நடுவில் யாராவது ஒருவர் உட்கார்ந்து, அன்று மனத்தில் போட்ட கணக்கையும் தாளில் எழுதும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அதே போல், ஒரே ஒரு நாள் குழந்தையின் குணத்தை மாற்றிவிடும், பொறுமையையும் தன்னம்பிக்கையையும் வளர்த்துவிடும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்பதும் ஏமாற்றத்தைத் தாங்குவதும் பலமுறை நடந்தால் பழக்கமாகலாம். ஒரு நாளுக்கு அவ்வளவு சக்தி இருப்பதாக எண்ணுவது அந்த நாளின் மீது தேவையற்ற பாரத்தை ஏற்றுவதாகும்.

நினைவைப் பற்றி இதைவிடத் துணிவாகப் பேசலாம். ஜான் ஃபால்க், லின் டியர்க்கிங் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களுமாக 128 பேரிடம் தொடக்கப் பள்ளிக் காலத்தில் வெளியே அழைத்துச் செல்லப்பட்ட ஒரு பயணத்தைப் பற்றிக் கேட்டபோது, நூற்றுக்கு 96 பேரால் நினைவுகூர முடிந்தது. ஃபால்க் மற்றவர்களோடு சேர்ந்து 1978இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்: முற்றிலும் புதிய இடத்துக்குச் செல்லும் பிள்ளைகளின் கவனமெல்லாம் அந்த இடத்தைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடுவதால், கற்பிக்க நினைத்தது மனத்தில் ஏறுவதில்லை. நுழைந்தவுடன் எதையும் காட்டாதீர்கள், கேட்காதீர்கள். முதல் அரை மணி நேரம் திடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எங்கே என்ன இருக்கிறது என்று பிள்ளைகளின் கண்கள் பழகட்டும். அந்தச் சுற்றில் ஒரு பைசாவும் செலவழிப்பதில்லை என்று ஒரு விதியும் வைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த ஒரு விதி செய்த நன்மையை வேறெந்த ஏற்பாடும் செய்யவில்லை. சுற்றி முடித்த பிறகு எடுக்கும் முடிவுகள் வேறு தரத்தில் இருக்கின்றன.

அதன் பிறகு நீங்கள் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதற்கும் மூன்று நல்ல கேள்விகள் போதும் என்பது என் கருத்து. ஆய்வு முடிவாக இதைச் சொல்லவில்லை, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பழகியதால் சொல்கிறேன். ஒவ்வொரு கடையிலும் நின்று பாடம் நடத்தும் பெற்றோரின் பிள்ளைகள் மதியத்துக்குள் களைத்து, கேள்வி வரும் திசையிலிருந்தே முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பேச்சுக்கு உரிய நேரம் இரவிலும் மறுநாளும்தான் வரும். நடந்ததை நினைவுகூர்ந்து பேசும்போது, ஆமாம் இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளை விட்டு, “அப்புறம் என்ன ஆச்சு?”, “அது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று விரிவாகப் பேசத் தூண்டும் பெற்றோரின் பிள்ளைகள் தங்கள் அனுபவங்களை அதிக விவரத்தோடு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஆடு மாடுகளைத் தொட்டுப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்லதுதான், ஆனால் பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் விலங்கின் உடலிலும் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். தொட்ட உடனேயே சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவ வேண்டும்; கையில் தடவும் கிருமிநாசினி அதற்கு முழு மாற்று ஆகாது. மகனின் மணிக்கட்டில் உங்கள் கைபேசி எண்ணை அழியாத மையில் எழுதுங்கள்; கூட்டத்தில் பிரிந்துவிட்டால் ஓடித் தேடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சொல்லி, வீட்டிலேயே ஒரு முறை நடித்துப் பாருங்கள். உரத்த ஒலியும் நெரிசலும் சில குழந்தைகளைத் தாங்க முடியாத அளவுக்கு அலைக்கழிக்கும். உங்கள் பிள்ளைகளில் ஒருவர் அப்படிப்பட்டவர் என்றால் கூட்டம் குறைந்த காலை நேரத்தில் சென்று, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். எவ்வளவு தாங்கும் என்பதை என்னைவிட நீங்களும் அந்தப் பிள்ளையைக் கவனிக்கும் மருத்துவரும்தான் சரியாகச் சொல்ல முடியும்.

கட்டுரை எழுதச் சொல்லலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். கட்டுரை எழுத வேண்டும் என்று தெரிந்துவிட்டால், பிள்ளை அன்று முழுவதும் எழுதக்கூடியதை மட்டுமே பார்க்கும். அதற்குப் பதிலாக மறுநாள் இருவருக்கும் பெரிய தாள் ஒன்றைக் கொடுத்து, திடலை நினைவிலிருந்து படமாக வரையச் சொல்லுங்கள். எது எங்கே இருந்தது என்பதில் இருவரும் சண்டை போடுவார்கள். போடட்டும், அந்தச் சண்டையில் திசையும் தொலைவும் வரிசையும் எல்லாம் வந்துவிடும். தவறாக வரைந்ததைத் திருத்தாதீர்கள். எதைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஒரு முறை என் வகுப்பில் ஆறு வயதுப் பையன் வரைந்த படத்தில் ராட்டினமே இல்லை. ஒரு தண்ணீர்க் குழாயும் அதன் அடியில் கட்டியிருந்த ஓர் ஆட்டுக்குட்டியும் தாளில் பாதியை அடைத்திருந்தன. அவ்வளவு பெரிய ராட்டினத்தை விட்டுவிட்டாயே என்று கேட்க வாயெடுத்தேன், நல்ல வேளையாகக் கேட்கவில்லை. குட்டியைப் பற்றிச் சொல் என்றேன். குழாயிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளிக்கும் அது எப்படி நாக்கை நீட்டியது, எத்தனை துளி தப்பியது, பிறகு எப்படித் தலையைச் சாய்த்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது என்று அவன் எழுந்து நின்று, தன் தலையையே சாய்த்துக் காட்டினான்.